டொமினோ வாங்க முதல் உளியைப் பாருங்கோ

மரவேலை பழகுகிற தம்பிமார், மரமூட்டுக்குத் துளை போடுகிற டொமினோ மெசின் பற்றி அடிக்கடி கேட்கினம். யூடியூப்பில் பார்த்துவிட்டு, கனடாவில் இருக்கிற அண்ணாவிடம் அனுப்பச் சொல்லட்டோ என்பதுதான் கேள்வி. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ பட்டறை போட்டு நிலை, கதவு, யன்னல், கட்டில் செய்கிற ஆளென்றால் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் காசு முதலில் உளிக்குப் போகட்டும்.

பெஸ்டூல் நிறுவனத்தின் டொமினோ அருமையான மெசின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அலகு சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் ஆடும். நீளவாக்கான துளை சில நொடியில் விழும். இரண்டு மரத்திலும் துளை போட்டு, நடுவில் பீச் மரக் கழுந்தை, அதாவது இரண்டையும் பிணைக்கிற கட்டையை, வைத்துப் பசை பூசி இறுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் சின்ன மெசினான 500, ஆகக்கூடியது 28 மில்லிமீற்றர் ஆழந்தான் போகும். நாலுக்கு மூன்று அங்குல முதிரை நிலைக்கு அது காணாது. ஊடுருவப் போட்ட கழுந்தில் மரஆணி அறைந்த நிலையென்றால், பசை விட்டுப் போனாலும் மூட்டு கழராது. பெரிய 700 மெசின் 70 மில்லிமீற்றர் வரை போகும், ஆனால் விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். சின்னதே வெளிநாட்டில் ஆயிரம் டொலரைத் தாண்டுது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினதைப் பார்த்த சனம் நாங்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ.

மெல்லிய மரவில்லை வைத்து ஒட்டுறதுக்குப் பள்ளம் வெட்டுகிற பிஸ்கட் ஜொயினர் மலிவு. மேசைப் பலகைகளை ஒரே மட்டத்தில் சேர்த்து ஒட்ட உதவும். பலத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

இனி உளிக்கு வாறன். எங்கட மரம் லேசான மரமில்லை. பாலை தண்ணியில் தாழும். முதிரையின் இழை மாறி மாறி ஓடும், கூர் மழுங்கின சீவுளி அதைப் பிய்த்துக்கொண்டு வரும். மலிவு உளியின் வாய் இந்த மரங்களில் நாலு அடியிலேயே மடங்கும், பிறகு பாதி நாள் தீட்டுறதிலேயே போகும். கால், அரை, முக்கால் அங்குலத்தில் நல்ல உருக்கு உளி மூன்று, கரடும் மென்மையுமாக இரண்டு தீட்டுக்கல், நேராக ஓடுகிற ஒரு வாள். இதுக்குச் செலவழிக்கிற காசுக்குக் கஞ்சப்படாதேங்கோ. வாயை 30 பாகையளவில் தீட்டினால் வைரமான மரத்துக்கும் தாங்கும். துளையை ட்ரில்லால் குடைந்து உளியால் சதுரமாக்கலாம். வேலை கூடினால் நடுத்தர விலையில் மரம் குடைகிற ஒரு ரூட்டர் மெசின் போதும். போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குக் கரண்டே இல்லை. அப்பவும் தச்சர்மார் கைக்கருவியால்தான் கதவும் நிலையும் செய்தார்கள்.

நாள்தோறும் அலுமாரியும் பான்ரி கபேட்டும் செய்து குடுக்கிற, ஓடர் வரிசையில் நிற்கிற பட்டறைக்கு டொமினோ உழைத்துத் தரும். அங்கே நேரந்தான் காசு. அப்படிப்பட்டவர் தாராளமாக வாங்கலாம்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கனடா மெசின் 120 வோல்ற்றுக்குச் செய்தது, இங்கே வாறது 230. நேரே கொழுவினால் கருகிப்போகும். அனுப்புறதென்றால் ஐரோப்பாவில் விற்கிற 230 வோல்ற் மெசினாகப் பாருங்கோ. அதுக்கு முதல் தம்பியிடம் எந்த உளி வைத்திருக்கிறான் என்று கேளுங்கோ.