அந்தப் பையன்களிடம் ஷூ இல்லாமல் இல்லை

போன வாரம் எங்கள் கால்பந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வெறுங்காலோடு பந்து விளையாடும் ஆப்பிரிக்கச் சிறுவர்கள். கீழே வழக்கமான வாசகம்: காலில் ஷூ இல்லை, கண்ணில் கனவு இருக்கிறது. உடனே கும்பிடு எமோஜிகள் வரிசை கட்டின. ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "அவங்க ரத்தத்துலயே ஃபுட்பால் இருக்கு ப்ரோ" என்று முடித்துவைத்தார்.

எனக்கு அபிஜான் ஞாபகம் வந்தது.

ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் எப்ரியே காயலோரம் சோல் பெனி என்று ஒரு இடம். அசெக் மிமோசா கிளப்பின் பயிற்சி வளாகம் அங்கேதான். 1990களின் முதல் பாதியில் பிரெஞ்சுக்காரர் ஜான்-மார்க் கியூ அங்கே ஒரு அகாடமி தொடங்கினார். 1978 உலகக் கோப்பைக்குப் போன பிரான்ஸ் அணியில் இருந்தவர். அவர் சேர்த்த பையன்களும் வெறுங்காலோடுதான் விளையாடினார்கள். காசில்லாமல் அல்ல, பாடமே அப்படி. பந்தின் எடையும் சுழற்சியும் தோலுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பது கியூவின் கணக்கு. பந்தைத் தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருக்கும் சோதனைகளில் தேறினால்தான் பூட்ஸ். நாம் வறுமை என்று நினைத்துக் கும்பிடு போடும் காட்சி, அங்கே பாடத்திட்டத்தின் முதல் அத்தியாயம்.

அதற்காக அந்தப் பையன்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லவில்லை. பலர் நிஜமாகவே கஷ்டத்திலிருந்து வந்தவர்கள். ஆனால் ஊரெல்லாம் கஷ்டப்படும் பையன்கள் இருக்கும்போது, ஒரே வளாகத்திலிருந்து கோலோ டூரே, யாயா டூரே, சொகோரா, எபுவே, போகா, டிண்டானே, ரொமாரிக், சாலமன் கலு, ஜெர்வினோ என்று தேசிய அணி வீரர்கள் வரிசையாக எப்படி வந்தார்கள்? ரத்தம்தான் காரணம் என்றால் அது அபிஜானின் மற்ற தெருக்களிலும் ஓடியிருக்க வேண்டுமே.

உடம்பு பெரிதாக இருக்கிறதா என்று பார்க்காமல் பந்தோடு என்ன செய்கிறான் என்று பார்த்துச் சேர்த்தார்கள். தங்குமிடம், சாப்பாடு, பள்ளிப் பாடம் எல்லாம் உள்ளேயே. சிஃப்காம் என்ற நிறுவனம் பணம் போட்டது, அதனால்தான் அகாடமிக்கு மிமோசிஃப்காம் என்று பெயர். 1989 முதல் கிளப்பின் தலைவராக இருந்த வழக்கறிஞர் ரோஜே வெஞ்ஞான் பொறுமையாக இருந்தார். என்னைக் கேட்டால் இந்தப் பொறுமைதான் பெரிய முதலீடு. 1989க்கும் 1994க்கும் நடுவில் உள்ளூர் லீக்கில் 108 ஆட்டங்கள் தோற்காமல் போன கிளப் அது. அப்படி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்காக யார் காத்திருப்பார்கள்?

காத்திருந்ததற்குப் பலன் 1999ல் கிடைத்தது. முந்தின வருடம் ஜிம்பாப்வேயின் டைனமோஸை வீழ்த்தி அசெக் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை வென்றிருந்தது. வென்ற அணியின் பெரிய ஆட்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அடுத்து ஆப்பிரிக்க சூப்பர் கோப்பை, எதிரே துனிசியாவின் எஸ்பெரான்ஸ் கிளப். கிளப் என்ன செய்தது? அகாடமிப் பையன்களையே களத்தில் இறக்கியது. மீசை முளைக்காத பிள்ளைகள் கூடுதல் நேரத்தில் 3-1 என்று ஜெயித்தார்கள். எனக்கு அசெக் என்றால் சாம்பியன்ஸ் லீக்கைவிட அந்த ஒரு ஆட்டம்தான்.

சரி, கியூவை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் எனக்கு மனமில்லை. 2001ல் அவர் பெல்ஜியத்தின் பெவெரன் கிளப்பைக் கையில் எடுத்தார். அசெக்கில் வளர்ந்த பையன்களைக் கும்பலாக அங்கே கொண்டுபோனார். களத்தில் இருக்கும் பதினொரு பேரில் பெரும்பாலோர் ஐவரி கோஸ்டுக்காரர்கள் என்ற நிலை. 2004ல் பெல்ஜியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனார்கள், ப்ரூஜ் கிளப்பிடம் தோற்றார்கள். இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கும் பெவெரனுக்கும் ஒப்பந்தம் இருந்தது. ஆர்சனலின் அப்போதைய பயிற்சியாளர் வெங்கர் ஒரு காலத்தில் பிரான்ஸின் கான் கிளப்பில் கியூவிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். எபுவே ஆர்சனலுக்குப் போனது அந்த வழியில்தான். பையன்களுக்கு ஐரோப்பியக் கதவு திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் அபிஜானில் என்ன மிஞ்சியது?

ஆர்சனல் ரசிகனாக எனக்கே இது உறுத்தும். கோலோ டூரேயை 2002ல் சுமார் ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு வாங்கினோம். இரண்டே வருடத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் லீக்கை வென்ற அணியின் நடுத் தடுப்பாட்டக்காரர் அவர். (ட்ரையல்ஸில் நட்சத்திர வீரர் பெர்க்காம்ப், பயிற்சியாளர் வெங்கர் என்று பார்க்காமல் எல்லோரையும் சறுக்கி விழுத்தினாராம். அப்போது ஆர்சனலில் ஆடிய ரே பார்லர் இந்தக் கதையைச் சொல்லும்போது கேட்க வேண்டும்.) தம்பி யாயாவை 2010ல் மான்செஸ்டர் சிட்டி பார்சிலோனாவிடமிருந்து வாங்கிய விலை சுமார் 2.4 கோடி பவுண்டு.

வளர்த்த கிளப்புக்குப் பங்கு உண்டு என்று ஃபிஃபா விதி வைத்திருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் டிரான்ஸ்பர் தொகையில் 5 சதவீதத்தை, 12 முதல் 23 வயது வரை அந்த வீரரை வளர்த்த கிளப்புகள் பிரித்துக்கொள்ள வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், அதன் பிறகு 0.5. பன்னிரண்டில் வந்து பதினெட்டில் போகும் பையனுக்குக் கூட்டிப் பாருங்கள், இரண்டு இரண்டரையைத் தாண்டாது. நாற்றங்கால் போட்டவனுக்கு இவ்வளவுதான், அறுவடை முழுக்க நட்டவன் வயலுக்கு. அசெக்குக்கு இன்றுவரை ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் ஒன்றே ஒன்றுதான் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ரத்தக் கதைக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. கியூ அதே முறையை மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோனார். அல்ஜீரியாவின் பாராடூ கிளப்பிலிருந்து அட்டால், பென்செபைனி என்ற வீரர்கள் வந்தார்கள். 2007ல் வியட்நாமில், ஆர்சனலும் சேர்ந்து, எச்.ஏ.ஜி.எல். கிளப்பில் ஒரு அகாடமி. அங்கே வளர்ந்த கோங் ஃபுவாங்கும் சுவான் ட்ருவாங்கும் 2018ல் ஆசிய 23 வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம் வரை போன வியட்நாம் அணியில் இருந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் யார் கலந்தது?

நம் பக்கமும் ஒரு எட்டு வந்தார்கள். இந்தியன் சூப்பர் லீக்கில் சொகோரா 2015ல் புனே சிட்டிக்கும் அடுத்த வருடம் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கும் ஆடினார். ரொமாரிக்கும் 2016ல் நார்த்ஈஸ்டில்தான். கால் ஓய்ந்த பிறகு வந்தவர்கள் என்று நாம் கிண்டல் செய்தோம். அந்தக் கால் எங்கே படித்தது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்த காட்சி 2015 பிப்ரவரி, எக்குவடோரியல் கினியாவின் பாடா நகரம். ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம், கானாவோடு 0-0, பெனால்டி. ஐவரி கோஸ்டின் முதல் இரண்டு உதையும் வீண். ஜெர்வினோ பார்க்கப் பயந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் இரண்டு கோல்கீப்பர்களும் உதைக்க வேண்டிய நிலை. அசெக் அகாடமியின் பழைய மாணவர் பூபகார் பாரி கானா கீப்பரின் உதையைத் தடுத்தார், பிறகு தானே பந்தை எடுத்து வைத்து உள்ளே அடித்தார். 9-8.

இதையெல்லாம் குழுவில் போட்டேன். ரத்தக்கார நண்பர் கொஞ்ச நேரம் கழித்து எழுதினார்: "சரி ப்ரோ, பாரி அப்ப ஷூ போட்டிருந்தாரா?"

போட்டிருந்தார்.