அட்லாண்டிக் சிட்டி போட்டிக்கு முந்தைய கதை

1980 ஜூன் மாதம் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மூத்தோர் கோல்ஃப் போட்டியை, சூதாட்ட விடுதிகளின் விளம்பர ஏற்பாடு என்ற அளவில், அதைக் குறிப்பிட்ட ஒரு கட்டுரையின் ஆசிரியர் ஒரே வரியில் கடந்துவிட்டது சரியல்ல. இன்று ‘பிஜிஏ டூர் சாம்பியன்ஸ்’ என்று அழைக்கப்படும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான தொடர் அந்தப் போட்டியில்தான் தொடங்கியது. வென்றவர், பிஜிஏ (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் வீரர்கள் சங்கம்) நடத்தும் போட்டியின் 1967ஆம் ஆண்டு சாம்பியனும் அப்போதுதான் ஐம்பதைத் தாண்டியிருந்தவருமான டான் ஜனவரி.

ஆனால் வித்து ஓராண்டுக்கு முன்பே டெக்சஸில் விழுந்துவிட்டது. 1979இல் ஆஸ்டினில் நடந்த ‘லெஜண்ட்ஸ் ஆஃப் கோல்ஃப்’ இரட்டையர் போட்டியில், ராபர்ட்டோ டி விசென்சோ - ஜூலியஸ் போரோஸ் இணையும் டாமி போல்ட் - ஆர்ட் வால் இணையும் சமநிலையில் முடித்து, கூடுதல் குழிகளில் பர்டிக்கு (குழிக்கு நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது) பர்டி பதில் கொடுத்து ஆறாவது குழிவரை இழுத்துச் சென்றதைத் தொலைக்காட்சியில் கண்ட பிறகுதான், முதியவர்களின் ஆட்டத்துக்கும் கூட்டம் சேரும் என்ற நம்பிக்கை பிறந்தது. (‘பர்டி’ என்ற சொல்லே அட்லாண்டிக் சிட்டி கன்ட்ரி கிளப்பில் பிறந்ததாகத்தான் சொல்வார்கள்!)

அட்லாண்டிக் சிட்டி போட்டி நீடிக்கவில்லை. அதே 1980இல் ஃப்ளோரிடாவின் சன்ட்ரீயில் நடந்த இத்தொடரின் போட்டியில் சார்லி சிஃபோர்ட் வென்றதையும் கட்டுரை விட்டுவிட்டது. நிறவெறி விதியால் 1961வரை பிஜிஏ உறுப்பினராக முடியாதிருந்த அந்தக் கறுப்பின வீரருக்கு, இளமையில் மறுக்கப்பட்ட களத்தில் ஒரு பகுதியையாவது இத்தொடர் திருப்பித் தந்தது.