ஆறடி லைஃப்சேவர்

சிட்னி கடற்கரையில் குளிப்பவர்களைக் காக்கும் லைஃப்சேவர்கள் காவல் நிற்கும் படம் ஒன்று ஃபேஸ்புக் மாதிரி இடங்களில் சுற்றியது, அதற்குக் கீழே நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஐந்து பேர், ஒரே மஞ்சள் சட்டை, ஒரே சிவப்பு மஞ்சள் தொப்பி, அதில் ஒருத்தி நம் நிறம். "லைஃப்சேவர் இப்படியா இருப்பான்" என்று ஒருவன் ஆரம்பித்தான். அவனை விடுங்கள், சிட்னியில் அவனுக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது, அதே படத்தை நம்ம தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இதெல்லாம் வெள்ளைக்காரப் பசங்க வேலை, நம்ம பொண்ணுங்களுக்கு எதுக்கு" என்று ஒரு அண்ணன் எழுதி, அதற்கு வரிசையாகக் கைதட்டல் விழுந்ததில்தான்.

லைஃப்சேவர் என்பது வேலை, உடம்பு இல்லை. இதைச் சொன்னதற்கு என்மேல் பாய்ந்தார்கள்.

வெள்ளைக்கார லைஃப்சேவர்தான் பாரம்பரியமாம். சரி, பேசுவோம். சிட்னியின் மேன்லி கடற்கரைக்காரர்களுக்குப் பலகை இல்லாமல் உடம்பாலேயே அலை ஏறக் கற்றுக்கொடுத்தவர் டாமி டன்னா, பசிபிக் கடலின் வனுவாட்டு தீவுகளிலிருந்து வந்த கறுப்பு மனிதர். 1907இல் போண்டை கடற்கரையில் லைஃப்சேவர் சங்கம் வந்தது, அப்புறம்தான் வெயிலில் பழுத்த வெள்ளை உடம்பு, அகன்ற தோள், ராணுவ நடை எல்லாம் சேர்ந்து ஒரு சிலை ஆனது. 1932இல் சிட்னி ஹார்பர் பாலத் திறப்பு ஊர்வலத்தில்கூட லைஃப்சேவர்கள் நடந்தார்கள். 1938 பிப்ரவரி 6, அதே போண்டையில் நூற்றுக்கணக்கானவர்களைக் கடல் உள்ளே இழுத்தபோது ஓடிப்போய் மீட்டார்கள், ஐந்து பேர்தான் இறந்தார்கள். அந்த ஆட்களை நான் ஒரு சொல் குறைத்துப் பேசவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். ஆனால் காவல் நிற்கத் தேவையான ப்ரான்ஸ் மெடாலியன் என்ற தகுதிச் சான்றைப் பெண்களுக்குக் கொடுக்க 1980 வரை ஆனதே, அதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்தினால்தான் அதன் கடல் பயிற்சிக்கே இறங்க முடியும், தோல் நிறத்துக்கு என்று தனி கடிகாரம் கிடையாது.

"குரோனுல்லாவை எவ்வளவு நாளைக்குத் தோண்டுவே?" தோண்டுவேன். சிட்னியின் அந்தக் கடற்கரையில் 2005 டிசம்பரில் லைஃப்சேவர்களைச் சிலர் அடித்தது தப்பு, நூறு தடவை தப்பு. அதற்காக அடுத்த ஞாயிறு ஐயாயிரம் பேர் கொடியைப் போர்த்திக்கொண்டு கூடி, கறுத்த முகம் தெரிந்தால் துரத்தினார்களே, "நம்ம பையனைத் தொட்டுட்டான்" என்ற பெயரில். அதே கரையில் 2007இல் மெக்கா லாலா என்ற முஸ்லிம் பெண், உடம்பு முழுக்க மூடும் புர்கினி நீச்சலுடை போட்டுக்கொண்டு காவல் நின்றார். அது மட்டும் யாருக்கும் பாரம்பரியமாகத் தெரியவில்லை.

"சோறு போடுற நாட்டைக் குறை சொல்றே." சோறு நான் வடிக்கிறேன் ஐயா, வரியும் கட்டுகிறேன். அடுத்தது.

அடுத்தது கொஞ்சம் கஷ்டம். அண்ணன் கடைசியாக எழுதினார்: "நீதானே தம்பி சொன்னே, ஆறடி வெள்ளைக்கார லைஃப்சேவர் உன்னை மரூப்ரா பீச்சில தூக்கிட்டு வந்தான்னு?"

சொன்னேன். பொங்கல் விருந்திலும் சொன்னேன், ஊரில் அம்மாவிடமும் சொன்னேன். கடலூரில் பிறந்தவன், எனக்கா நீச்சல் தெரியாது என்ற திமிரில் காவல் இருக்கும் இடத்தைக் காட்டும் கொடிகளுக்கு வெளியே இறங்கினேன், ரிப் என்ற கடல் நீரோட்டம் பிடித்து உள்ளே இழுத்தது, கரை பார்க்கப் பார்க்கச் சின்னதாகப் போனது. மீட்புப் போர்டில் வந்த லைஃப்சேவருக்குப் பதினேழு வயது இருக்கும், ஒரு பெண். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துப் போர்டில் இழுத்துப்போட்டு, "பேசாம படு, உதைக்காதே" என்றாள், அவ்வளவுதான். கரையில் நான் வாந்தி எடுத்தபோது முதுகைத் தட்டியதும் அவள்தான். காரில் திரும்பும்போதே அவள் ஆறடி ஆகிவிட்டாள், பத்து வருஷத்தில் தாடிகூட முளைத்துவிட்டது.

என் மகள் இந்த வருஷம் லைஃப்சேவர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளிடம் போன வாரம்தான் உண்மையைச் சொன்னேன், சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. குரூப்பில் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் பதிலுக்குக் காத்திருக்கிறார், இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டது.