தண்ணீர் போத்தலைப் பிடுங்காதீர்கள்

திறந்தவெளி ராக் இசைவிழா என்றால் எனக்கு உயிர். ஆனால் நுழைவாயிலில் தண்ணீர் போத்தலைப் பிடுங்கும் வழக்கத்தை மட்டும் பொறுக்கவே முடியவில்லை.

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, அதோடு வியர்வையைக் காயவிடாத புழுக்கம். அந்தப் புழுக்கத்தில் மணிக்கணக்கில் நின்று ஆடப்போகிறவர்களிடம் தண்ணீரைப் பறிக்கிறார்கள்!

போன விழாவில் எனக்கு முன்னால் நின்ற அக்கா, காவலர் சொன்னதும் மகள் கையிலிருந்த போத்தலை வாங்கிப் புல்லிலேயே கவிழ்த்தார். பக்கத்துத் தொட்டியில் மூடிகூடத் திறக்காத போத்தல்கள் குவிந்து கிடந்தன. உள்ளே போனால் அதே தண்ணீர் 5 வெள்ளி. அதற்கும் நீண்ட வரிசை. நான் காத்திருந்தது எந்தப் பாட்டுக்காகவோ, அதன் கிட்டார் அந்த வரிசையில் நிற்கும்போதே தொடங்கிவிட்டது. வயிறு எரிந்தது.

கண்ணாடி போத்தல் கூடாது என்றால் சரி, மேடையை நோக்கி யாராவது எறிவார்கள் என்ற பயம் நியாயம்தான். காலி பிளாஸ்டிக் போத்தலையாவது விடலாமே? இந்த ஊரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் 2019இலேயே பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர் விற்பதை நிறுத்திவிட்டார்கள். அவரவர் போத்தலில் குழாயிலிருந்து இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே கூடுவது லட்சத்துக்கும் மேல்.

விழா நடத்துபவர்களே, வேண்டுமானால் டிக்கெட்டில் 2 வெள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். குழாய் வையுங்கள்.