ஒரே குக்கர்தானே!

“சாம்பார் சாதம்தானே, குக்கரில் போட்டால் முடிந்தது” என்று வீட்டில் யாராவது சொன்னாலே எனக்குக் கோபம் வருகிறது. குக்கர் ஒன்றுதான், வேலையும் ஒன்றா? 1 டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, 5 டம்ளர் தண்ணீர். சின்ன வெங்காயம் உரிப்பதற்குள் கண் எரிந்துவிடும். புளித்தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும்; அதனால் காயோடு தனியாகக் கொதிக்கவிட்டு அப்புறம்தான் சேர்க்க வேண்டும். தாளிப்புக் கரண்டி வேறு.

சரி, இத்தனையும் செய்து கூப்பிட்டால், “இதோ வரேன்” என்று அரை மணி நேரம்! கரண்டியிலிருந்து வழிந்த சாதம் ஆறிக் கெட்டியாகி, கரண்டியோடு கட்டியாக எழுந்து வருகிறது. வெந்நீரும் நெய்யும் விட்டு மறுபடி கிளறுவது யார்? நான்தான். பொரித்த அப்பளமும் நமத்துப்போகிறது. கூப்பிட்டதும் வந்து உட்காருங்களேன்.