வீதிக்கு முன் தண்ணீருக்கு வழி

மாதம் ஒரு தடவையாவது எங்கள் உள்ளூராட்சி சபையின் அலுவல்களை இங்கே எழுதுவேன் என்று, உறுப்பினராகத் தெரிவான நாளிலேயே சொல்லியிருந்தேன். கடந்த பதிவுகளில் தெருவிளக்கு, கழிவகற்றல், கட்டாக்காலி மாடுகள் என்று பலவற்றையும் சிறிது சிறிதாகத் தொட்டுச் சென்றேன். இம்முறை ஒரேயொரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வடகீழ்ப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வடிகான்களைப் பற்றி இப்போது பேசாவிட்டால், வழக்கம்போல முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் பேச வேண்டி வரும்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரச் சபை ஒன்றில் நான் விகிதாசாரப் பட்டியல் வழியாக வந்த உறுப்பினர். வட்டாரங்களில் 60 வீதமும் பட்டியலில் 40 வீதமும் தெரிவாகும் இந்த முறையில், பட்டியலால் வந்தவருக்கென்று ஒரு வட்டாரம் கிடையாது. "உங்களுக்கு வட்டாரமே இல்லையே, நீங்கள் யாருக்கு வேலை செய்யப் போகிறீர்கள்?" என்று ஆரம்பத்தில் பலர் கேட்டார்கள். ஆனால் மழைக்காலத்தில் எந்த ஒழுங்கையிலிருந்து அழைப்பு வந்தாலும் நான் போகலாம் என்பதால், ஒரு வட்டாரத்துத் தண்ணீர் அடுத்த வட்டாரத்தில் போய் எங்கே தேங்குகிறது என்பதைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இன்று எழுதுவது அப்படிப் பார்த்ததைத்தான்.

வாவிக்கரையை அண்டிய ஓர் ஒழுங்கையில் வயதான அம்மா ஒருவர் தனியாக வசிக்கிறார். அந்த ஒழுங்கைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கொங்கிரீட் போடப்பட்டது. நல்ல வேலைதான், வெடிப்பில்லை, மேடுபள்ளமில்லை. கடந்த மாரியில் அவர் அழைத்தபோது அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு போனேன். அவரது வாசற்படியை விட வீதி 11 அங்குலம் உயர்ந்திருந்தது. முன்னறைச் சுவரில் மூன்று கோடுகளாக நீர்க்கறை படிந்திருந்தது. கட்டிலின் நான்கு கால்களுக்கும் இரண்டிரண்டு கல் வைத்து உயர்த்தி, அரிசி வாளியைக் கட்டிலின் மேலேயே வைத்திருந்தார். வளவுக்குள் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் வேறுபாடு தெரியாதபடி ஒரே தண்ணீர் நின்றது. "மகள், றோட்டுப் போட்டுத் தந்தது நல்லந்தான். முந்தி எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணி ஒரு மணித்தியாலத்தில வடிஞ்சிரும். இப்ப எங்கட வளவு குளமாப் போயிற்று" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. எனக்குத்தான் நிற்க முடியாமல் இருந்தது. ஏனெனில் அதே மாதம் இன்னோர் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் வீதி வேண்டுமென்று கோரிக்கைக் கடிதம் கொடுத்தவள் நான். அந்தக் கடிதத்தில் வடிகானைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

எங்கள் ஊரின் தரையமைப்பு தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் தரை. ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையான காலத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. இந்தத் தரையில் ஓர் அடி உயர வேறுபாடு என்பது பெரிய விடயம். முன்பு இருந்த மணல் ஒழுங்கை தண்ணீரை உறிஞ்சியது, மிஞ்சியதைத் தாழ்ந்த பக்கமாக வழியவும் விட்டது. இருந்த தரைக்கு மேலேயே கல்லும் மண்ணும் கொட்டி இறுக்கி அதன்மேல் கொங்கிரீட் போடும்போது, உறிஞ்சுவதும் நின்றுவிடுகிறது, வழிவதும் நின்றுவிடுகிறது. வீதி என்ற பெயரில் ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஓர் அணைக்கட்டைக் கட்டி, அதன் இருபுறமும் மக்களைக் குடியிருத்தி வைத்திருக்கிறோம்.

வடிகான் போட்ட இடங்களிலும் நிலைமை முழுவதும் சரியாகிவிடவில்லை. ஒதுக்கீடு வட்டாரம் வட்டாரமாகப் பிரிக்கப்படுவதால் மதிப்பீடும் வட்டார எல்லையோடு நின்றுவிடுகிறது. ஒரு வட்டாரத்தில் 200 மீற்றர் வடிகான் அழகாக மூடியிட்டுக் கட்டப்பட்டிருக்கும். எல்லையில் வந்து பார்த்தால் அது ஒரு வேலியடியில் முடிந்திருக்கும். அடுத்த வட்டாரத்தின் பணம் அந்த ஆண்டு விளையாட்டு மைதான மதிலுக்குப் போயிருக்கும். இரண்டு உறுப்பினர்களும் தத்தம் மக்கள் கேட்டதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு, மேலே உள்ள வட்டாரத்துத் தண்ணீர் முழுவதையும் குழாய் வைத்துக் கொண்டுவந்து ஊற்றியது போலாகிவிட்டது.

அதற்கும் அப்பால், வடிகானின் கடைசி வாய் வாவியில்தான் திறக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான நமது வாவி, மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து ஆறுகளும் குளங்கள் நிரம்பி வழியும் வான்நீரும் வந்து சேரும் இடம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடு மூடியிருக்க மேலே மழை பெய்தால் வாவி நீர்மட்டம் உயரும். வடிகானின் வாய் நீருக்குள் மூழ்கும். பிறகு வடிகான் வழியாகவே வாவித் தண்ணீர் ஒழுங்கைக்குள் ஏறும். முகத்துவாரம் வெட்டும் முடிவை எங்கள் போன்ற ஒரு சபை தனியாக எடுப்பதில்லை. மாவட்டச் செயலகத்தில் திணைக்களங்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவு அது. வயலில் கதிர் மூழ்கும் விவசாயி சீக்கிரம் வெட்டச் சொல்கிறார். வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று மீனவர் தயங்குகிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் தாழ்நிலத்தில் குடியிருப்போரின் குரல் போதிய அளவு ஒலிப்பதில்லை என்பது என் கருத்து. எத்தனை அடி நீர்மட்டத்தில் எந்தெந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறுகிறது என்ற பதிவை உள்ளூராட்சி சபைகள் மழைக்கு முன்பே எழுதிக் கொடுத்தால், கூட்டத்தில் அதை மறுக்க யாராலும் இயலாது.

2010 டிசம்பரில் தொடங்கி 2011 பெப்ரவரி வரை நீடித்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் வீதிக்கு மேலாகப் பாய்ந்த வெள்ளம், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை இழுத்துச் சென்றதையும் மறக்க முடியாது. அந்தப் பிள்ளைகளின் முகங்களைச் செய்தியில் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. வயல்வெளிக்குக் குறுக்கே போகும் வீதியும் எங்கள் ஒழுங்கையும் அளவில் வேறானவை. ஆனால் தண்ணீர் போகும் பாதையில் நாம் எதைக் கட்டுகிறோம் என்ற கேள்வி இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

சபையின் கைக்கு எட்டியது எது, எட்டாதது எது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிரதான வீதிகளும் அவற்றின் மதகுகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. மாகாண வீதிகளுக்கு மாகாணத் திணைக்களம் இருக்கிறது. வயல் நிலத்தை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இவற்றில் நாங்கள் கடிதம் எழுதலாம், கூட்டத்தில் கேட்கலாம், அதற்கு மேல் செல்ல இயலாது. ஆனால் உள்வீதிகளும் அவற்றின் வடிகான்களும் சபையின் பொறுப்பு. காணியைத் துண்டு பிரிக்கும் வரைபடமும் வீடு கட்டும் வரைபடமும் சபையின் அனுமதிக்கு வருகின்றன. 1915ஆம் ஆண்டிலிருந்தே வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இந்த அதிகாரத்தை உள்ளூராட்சி சபைகளுக்குக் கொடுத்திருக்கிறது. நூறாண்டுக்கு மேலாகக் கையில் இருக்கும் இந்த அதிகாரத்தைத் தண்ணீரின் வழியைக் காப்பாற்ற நாம் உரிய முறையில் பயன்படுத்தவில்லை. ஒரு தாழ்வான காணி பத்துத் துண்டாகும்போது பாதைக்கு அகலம் கேட்கிறோம். தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியேறும் என்று கேட்பதில்லை. முதலாவது ஆள் மண் நிரப்பி உயர்த்துகிறார், இரண்டாவது ஆள் அதைவிட ஓர் அடி உயர்த்துகிறார், இறுதியில் நிரப்ப வசதியில்லாத குடும்பத்தின் வளவு பள்ளமாகிறது. வெள்ளம் எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டாலும் நம் ஊரில் அது ஏழையின் வளவைத் தேடித்தான் போகிறது.

ஆகவே, உள்வீதி மதிப்பீடு எதுவாயினும் மட்ட அளவை எடுத்து, தண்ணீர் எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்பதை வரைந்து காட்டிய பின்னரே சபைக்கு வர வேண்டும் என்று மாதாந்த அமர்வில் ஒரு பிரேரணை முன்வைத்தேன். வடிகானுக்குப் பணம் போதாத ஒழுங்கையில் வீதியைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, வடிகானை முதலில் போடுவோம் என்பதும் அதில் இருந்தது. எதிர்த்துப் பேசிய உறுப்பினர்கள் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. மக்கள் எங்களிடம் வீதிதான் கேட்கிறார்கள், வடிகான் போட்டுவிட்டு வாக்குக் கேட்க முடியுமா என்றார் ஒருவர். அவர் சொன்னது உண்மை. மூடியிட்ட வடிகான் ஒன்றின் செலவு அதே நீளமான வீதியின் செலவை நெருங்கிவிடுவதை நான் பார்த்த மதிப்பீடுகளிலேயே காணலாம். எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் எழுந்து, மட்டம் பார்க்காமல் போட்ட ஒழுங்கைகளில் வந்த முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக வாசித்தபோது சபை அமைதியாகிவிட்டது. பிரேரணை வேலைகள் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. இன்னும் நிறைவேறவில்லை. நிறைவேறும் வரை ஒவ்வொரு அமர்விலும் அதைக் கேட்பேன்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, எங்கள் ஊர்களில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் மக்கள் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் தவித்ததை நேரில் கண்டவள் நான். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மீண்டும் கிடைத்த சபையைத் திறப்பு விழாக்களோடு கழித்துவிட எனக்கு மனமில்லை.

பணத்தைப் பற்றி ஓரிரு வார்த்தை. சபையின் சொந்த வருமானத்தில், வீடு, கடை போன்ற ஆதனங்களுக்கு விதிக்கும் சோலை வரிக்கு முக்கிய இடம் உண்டு. ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும். காலாண்டின் முதல் மாதத்தில் அந்தக் காலாண்டுக்குரியதைக் கட்டினால் 5 வீதம். நிலுவை வைத்திருக்கும் வசதியான கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் தயவுசெய்து கட்டுங்கள். கட்டிய பின், அந்தப் பணம் எந்த வடிகானுக்குப் போனது என்று எங்களைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். எழுத்தில் கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும். உங்கள் ஒழுங்கையின் மதிப்பீட்டுப் பிரதியைக் கேட்பது யாரையும் எதிர்ப்பதாகாது. அது உங்கள் உரிமை.

வடிகான் துப்புரவாக்கும் தொழிலாளர்களோடு ஒரு காலை முழுவதும் நின்றேன். மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, இடுப்பளவு இறங்கி, மண்வெட்டியால் அள்ளி வெளியே போட்டார்கள். வந்தது மண்ணை விட அதிகமாக லஞ்ச் சீற்றும், யோகட் கோப்பையும், குழந்தைகளின் பம்பர்ஸும். லஞ்ச் சீற் உற்பத்திக்கும் விற்பனைக்கும் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது; ஆயினும் கடையில் கிடைக்கிறது, நாமும் வாங்குகிறோம். அவர்களில் ஒருவரின் கால் உடைந்த போத்தலில் கிழிபட்டது. அவர் காலணி இல்லாமல் இறங்கியிருந்தார். முழங்கால் வரையான சப்பாத்தும் கையுறையும் வழங்குவதற்கு அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு கேட்டிருக்கிறேன். இதை எந்த உறுப்பினரும் எதிர்க்க மாட்டார் என்று நம்புகிறேன். தேங்கிய வடிகானில்தான் நுளம்பும் பெருகுகிறது. டிசம்பர், ஜனவரியில் நம் மாவட்டத்தில் டெங்கு ஏறுவதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஒவ்வோர் ஆண்டும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். 1978 சூறாவளிக்கு முன் எந்தத் தோணா (இயற்கையான நீரோடை) எங்கே ஓடியது, எந்த வேலியடியால் தண்ணீர் வாவிக்கு இறங்கியது, எந்தப் பள்ளத்தில் மாரி முடியும் வரை அல்லி பூத்திருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். நில அளவை வரைபடத்தில் இல்லாத வழிகள் அவர்கள் நினைவில் இருக்கின்றன. வரும் மூன்று ஞாயிறுகளிலும் காலை ஆறரை மணிக்கு வரைபடத்துடன் ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கப் போகிறேன். உங்கள் வீட்டு அம்மம்மாவையோ அப்பப்பாவையோ படலையடிக்கு அழைத்து வாருங்கள். அவர்கள் காட்டும் இடத்தைக் குறித்துக்கொள்வேன்.

முதற்குறிப்பு ஏற்கெனவே போட்டாயிற்று. நான் அளவு நாடாவோடு போன அதே அம்மா, கோயில் மேற்கு வேலியை ஒட்டி ஆறடி அகலத்தில் ஒரு கான் இருந்ததென்றும், அதில் சிறுவயதில் கச்சான் கோதுகளை விட்டு விளையாடியதாகவும் சொன்னார். போய்ப் பார்த்தோம். அந்த இடத்தில் இப்போது ஒரு காணியின் மதில் நிற்கிறது. மதிலின் அடியில், கட்டியவர் மனமிரங்கி விட்ட நான்கு அங்குலக் குழாய் ஒன்று மட்டும் மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. காணி உரிமையாளருடன் இந்த வாரம் பேசுகிறேன்.