கழுத்தில் கத்தி, கனவில் கிண்ணம்

(ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ் சலூன். சனிக்கிழமை, இருட்டுகிற நேரம். சுவரில் சத்தம் குறைத்த ரீவி. ஐஸ் ஹொக்கிப் பருவம்; ஊரின் பெரிய கழகம் லீவ்ஸ், அதற்குக் கீழே பெடியள் பழகி ஏறுகிற கழகம் மார்லீஸ். கதிரையில் கஜன்; கணக்குப் பார்க்கிற வேலை, கதைக்கும்போதும் கணக்குத்தான் வரும். சிவம் அண்ணை அவனுடைய முகத்தில் நுரை பூசி முடித்து, கத்தியில் புது பிளேட் பூட்டுகிறார். மூலையில் அவருடைய மருமகன் சுஜன் கொட்டிய முடியைக் கூட்டிக்கொண்டிருக்கிறான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான்.)

சிவம்: கேள்விப்பட்டியோ தம்பி? பெடியனை மேலே கூப்பிட்டிட்டாங்கள்!

கஜன்: எந்தப் பெடியனை அண்ணை?

சிவம்: மார்லீஸ் பெடியனைத்தான். அவன்ர பேரைச் சொல்ல ரீவிக்காரனே ஒருக்கா மூச்சு எடுக்கிறான். இண்டைக்கு இரவு லீவ்ஸ் உடுப்போட இறங்குறான். பிரச்சினை முடிஞ்சுது.

கஜன்: என்ன பிரச்சினை?

சிவம்: 1967க்குப் பிறகு இந்த ஊருக்கு ஸ்ரான்லி கிண்ணம், ஹொக்கியிலே வெண்டவனுக்குக் குடுக்கிற பெரிய கிண்ணம், வரேல்லை. எங்கட சனம் இங்கை வந்து இறங்க முதலே அது வந்து போட்டுது. கண்ணாலே கண்ட தமிழன் ஒருத்தன் இருக்கிறானோ? இனிக் காணலாம்.

கஜன்: அண்ணை, அவனுக்கு 21 வயசு. முதல் கேம். ஆரோ ஒருத்தருக்கு முழங்கால் நோ, அந்த இடத்தை நிரப்பத்தான் கூப்பிட்டவங்கள். பெரிசா ஒண்டும்...

(கத்தி கழுத்துக்கு வந்துவிட்டது. வந்த இடத்திலேயே நிற்கிறது.)

சிவம்: பெரிசா?

கஜன்: ...பெரிசா வருவான் எண்டு சொன்னனான். இண்டைக்கு மூண்டு கோல் நிச்சயம்.

சிவம்: மூண்டோ? எங்கட லீவ்ஸ் மத்யூஸ் முதல் கேமிலேயே நாலு போட்டவன். 2016 ஒக்ரோபர், ஒட்டாவாவிலே. நான் கடையைப் பூட்டிப்போட்டுப் பார்த்தனான்.

(கத்தியைத் துடைக்க எடுக்கிறார். சலூன்காரரோடு வாதாட இதுதான் நேரம்.)

கஜன்: நாலு போட்டும் தோத்ததெல்லோ அண்ணை! அஞ்சுக்கு நாலு, மேலதிக நேரத்திலே. போதாததுக்கு அந்தக் கடைசிக் கோல் தன்ர பிழையாலைதான் போனதெண்டு மத்யூஸே வெளியாலை வந்து சொன்னவன். முதல் நாளே நாலு கோல் போட்ட பெடியன் மன்னிப்புக் கேட்கிற ஊர் அண்ணை இது.

சிவம்: அது அவன்ர நல்ல வளர்ப்பு. சரி, இவனை முதலாவது வரிசையிலே மத்யூஸோட விடுவாங்கள் என்ன? மார்னர் வேகாஸுக்குப் போன இடம் சும்மாதானே கிடக்குது.

கஜன்: நாலாவது வரிசை அண்ணை. எட்டு நிமிஷம், மிஞ்சினால் பத்து. ஒருக்கா இறங்கினால் முக்கால் நிமிஷம். அதுக்குள்ளே ஓடிப்போய் ஒரு தடியனோட மோதி, மூலையிலே பக் எண்ட ரப்பர் வட்டைக் கிளறி, பலகைக்கு மேலாலை பாய்ஞ்சு வந்து குந்தவேணும். மிச்ச நேரம் முழுக்க வாங்கிலே இருந்து பல்லுக்காப்பைச் சப்புறதுதான் அவன்ர வேலை.

சிவம்: (கத்தியைக் காதடிக்குக் கொண்டுவந்து) எட்டு நிமிஷத்துக்குள்ளே எத்தினை கோல் போடலாம்?

கஜன்: எட்டு அண்ணை. நிமிஷத்துக்கு ஒண்டு.

சிவம்: பார்த்தியோ, கணக்குப் படிச்ச பிள்ளை.

(கொஞ்ச நேரம் இடது கன்னம் அமைதியாக வழிக்கப்படுகிறது. அண்ணைக்கு அமைதி ஒத்துவராது.)

சிவம்: ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். இவனை ஆருக்கும் தூக்கிக் குடுக்கக் கூடாது. ராஸ்க்கைக் குடுத்த மாதிரி.

கஜன்: தொடங்கியாச்சு.

சிவம்: ரூக்கா ராஸ்க். பின்லாந்துப் பெடியன், கோல் காக்கிற கோலி. 2005இலே கழகங்கள் புதுப் பெடியளைத் தெரிவு செய்யேக்கை நாங்கள்தான் முதல் சுற்றிலே எடுத்தது. லீவ்ஸ் உடுப்போட ஒரு கேம் விளையாட விட்டாங்களோ? இல்லை. அடுத்த வருஷமே பொஸ்டனுக்குத் தாரை வார்த்துப்போட்டு ரேகிராப்ட் எண்ட இன்னொரு கோலியை வாங்கினவங்கள். ஏன்? ரேகிராப்ட் 2004இலே சிறந்த புதுமுகம் எண்டு விருது எடுத்தவராம்!

கஜன்: அப்ப அதுவும் எதிர்பார்ப்பாலை வந்த வினைதானே?

சிவம்: குறுக்கே கதையாதை. 2013, மே மாதம், ஏழாவது கேம், பொஸ்டனிலே. மூண்டாம் பகுதியிலே நாலுக்கு ஒண்டு முன்னுக்கு நிண்டனாங்கள். நான் சந்தோஷத்திலே லட்டு வாங்க ஓடினன். பெட்டியோட திரும்பி வர நாலுக்கு நாலு. கையைக் கழுவிப்போட்டுக் குந்த அஞ்சுக்கு நாலு. அங்காலை பொஸ்டன் கோலிலே நிண்டது ஆர்?

கஜன்: ராஸ்க்.

சிவம்: (கத்தியை உயர்த்தி) ராஸ்க்!

கஜன்: அண்ணை, கத்தி! கத்தி!

சிவம்: நான் கத்தேல்லை, ஆத்தாமையிலே சொல்லுறன்.

கஜன்: கையிலே இருக்கிற கத்தி அண்ணை!

(இறக்குகிறார். கஜன் துவாயால் கழுத்தைத் தடவிப் பார்க்கிறான். ரத்தம் இல்லை.)

கஜன்: சரி, நான் ஒண்டு கேட்கிறன், கத்தியை மேசையிலே வைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. 2016 பெப்ரவரி 29. அந்த வருஷம் லீவ்ஸ்தான் கடைசி இடம். ஒரே இரவிலே மார்லீஸ் பெடியள் நாலு பேரை இறக்கினவங்கள். நைலாண்டர், கப்பானென், சொஷ்னிக்கோவ், ஹைமன். நீங்கள் ஆரைப் பார்த்தனீங்கள்?

சிவம்: நைலாண்டரைத்தான். தேப்பனும் விளையாடினவர் எல்லோ, ரத்தத்திலே இருக்கும். பிறகு கப்பானென், அவன்ர தேப்பனும் விளையாடினவர். அந்த வருஷம்தான் இளையோர் உலகக் கிண்ணத்திலே பின்லாந்துக்கு வெற்றிக் கோல் போட்டுப்போட்டு வந்தவன்.

கஜன்: ஹைமனை?

சிவம்: ஹைமன் இறங்கேக்கை நான் தேத்தண்ணி போடப் போட்டன்.

கஜன்: பார்த்தீங்களோ? நைலாண்டர் சரி, நல்லா வந்தார், இப்பவும் நிக்கிறார். ஆனால் நீங்கள் தேத்தண்ணி போடப் போன ஆள் எட்மன்டனுக்குப் போய் 2023-24 பருவத்திலே 54 கோல் போட்டவர். ஐம்பத்து நாலு!

சிவம்: அதை அப்பவே ஆரும் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

கஜன்: ஆருக்கும் தெரியாது அண்ணை, அதைத்தான் சொல்லுறன். மற்றப் பக்கம் பாருங்கோ, 2011இலே முதல் சுற்றிலே எடுத்த ரைலர் பிக்ஸ். எவ்வளவு கதை! கடைசியிலே லீவ்ஸ் விளையாடுற பெரிய லீக், என்.எச்.எல்லிலே ஒரு கேம்தன்னும் விளையாடேல்லை. மார்லீஸ் கொலிசியத்திலேருந்து லீவ்ஸ் அரங்கத்துக்கு நாலு கிலோமீற்றரும் வராது. 509 ஸ்ரீற்காரிலே ஏறினால் யூனியனிலே இறக்கிவிடுவான். அந்தத் தூரத்தைக் கடக்கிறதுக்கு ஆயுசு காணாமல் போனவங்கள் எத்தினை பேர்!

சிவம்: இவன் ஏறிட்டான் எல்லோ. இனி என்ன, சம்பளமும் கோடிதானே?

கஜன்: அதுதான் பகிடி. இவங்களுக்கு ரெண்டு சம்பளம். மேலே நிக்கிற நாளுக்கு ஒண்டு, கீழே நிக்கிற நாளுக்கு ஒண்டு. மேலே எண்டால் வருஷத்துக்கு ஒன்பது லட்சம் அமெரிக்க டொலர் வரும், கீழே ஒரு லட்சமும் தேறாது. அதையும் நாள் நாளாப் பிரிச்சுத்தான் குடுப்பாங்கள். முந்தியெண்டால் கேம் இல்லாத நாளிலே பேப்பரிலே கீழே இறக்கிப்போட்டு, கேம் நாளண்டு திருப்பி ஏத்தினவங்கள். பெடியன் கட்டிலை விட்டு எழும்பியிருக்க மாட்டான், ரெண்டு தரம் கழகம் மாறியிருப்பான்.

சிவம்: நல்லா விளையாடினால் ஏனப்பா இறக்குறான்?

கஜன்: பழைய ஆளைக் கீழே அனுப்பினால் மற்ற 31 கழகத்திலே எவனும் சும்மா கொத்திக்கொண்டு போகலாம். புதுப் பெடியனுக்கு அந்த விதி இன்னும் இல்லை. ஆபத்தில்லாமல் இறக்கக்கூடிய ஆள் அவன் ஒருத்தன்தான். கெட்டிக்காரனா இருந்தாலும் முழங்கால்காரன் எழும்பி நடந்தால் இவன் இறங்கவேணும்.

சிவம்: (கத்தியை எடுக்கிறார்) இறங்குவானோ?

கஜன்: (கழுத்தை நிமிர்த்தி) முழங்கால்காரனை ரிட்டயர் பண்ணச் சொல்லுவம் அண்ணை.

(மேலுதட்டு வேலை. இந்த நேரம் கஜனால் வாய் திறக்க முடியாது. அண்ணை வசதியாகப் பிரசங்கம் செய்கிறார். யங் வீதியில் ஊர்வலம் எத்தனை மணிக்குத் தொடங்கும், கடைக்கு முன்னால் தண்ணீர்ப் பந்தல் போடலாமா, பனிக்காலம் என்றால் மோருக்குப் பதிலாக இஞ்சித் தேத்தண்ணியா என்பதுவரை போகிறது. மீசையின் ஒரு பக்கம் வழித்து முடிந்ததும் கஜனுக்கு வாய் கிடைக்கிறது.)

கஜன்: அண்ணை, டேவிட் ஏயர்ஸ் ஞாபகம் இருக்கோ?

சிவம்: அந்தப் பேரை என்ர கடையிலே சொல்லாதை.

கஜன்: சொல்லத்தான் வேணும். 2020 பெப்ரவரி. கரோலைனா இங்கை விளையாட வந்தது. அவையின்ர ரெண்டு கோலிக்கும் அடி. விதிப்படி அரங்கத்திலே காத்திருந்த ஆளைக் கூப்பிட்டவங்கள். 42 வயசு. ஐஸ் வழிக்கிற சம்போனி ஓட்டினவர்.

சிவம்: வழிக்கிற தொழிலிலே எங்கட ஆள்தான். அதாலைதான் எனக்குக் கூட நோகுது.

கஜன்: முதல் ரெண்டு அடியும் உள்ளே. பிறகு வந்த எட்டையும் பிடிச்சார். ஆறுக்கு மூண்டு, லீவ்ஸ் தோல்வி. ஏன் தெரியுமோ? அவரிட்டை ஒரு மனுசரும் ஒண்டும் எதிர்பார்க்கேல்லை. ரெண்டை விட்டதும் ஆரும் பேசேல்லை. ‘பாவம், சம்போனிக்காரர், என்ன செய்வார்’ எண்டுதான் நினைச்சிருப்பினம். மனம் லேசா இருந்துது, கை நல்லா ஓடிச்சு.

சிவம்: (கத்தியை மேசையில் வைத்து யோசிக்கிறார்) அப்ப எதிர்பார்க்கவே கூடாது எண்டுறாய்.

கஜன்: (கத்தி மேசையில் இருக்கும் தைரியத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து) கூடவே கூடாது! முதல் நாள் பெடியன் அண்ணை. கை நடுங்கும். எங்கை நிக்கிறதெண்டு தெரியாது. ரெண்டு பிழை விடுவான், மூண்டு பிழை விடுவான். விடட்டும்! பிழை விடாமல் ஆர் பழகினது? பெரியாக்கள் நாங்கள்தான் பொறுத்துக்கொள்ளவேணும். பின்னாலை நிண்டு முதுகிலே தட்டிக்குடுக்கவேணும். கொஞ்சம் ரத்தம் வந்தாலும் பரவாயில்லை, விளையாட்டெண்டால் அப்பிடித்தான்!

(ரீவியில் வெளிச்சம் மாறுகிறது. அரங்கம். ஆட்டத்துக்கு முந்திய பயிற்சி நேரம். சுரங்க வழியால் புதுப் பெடியன் ஐஸில் பாய்கிறான். பின்னால் ஒருவரும் வரவில்லை. தனியே ஒரு வட்டம் சுற்றுகிறான்.)

சிவம்: ஐயோ, பெடியனைத் தனிய விட்டிட்டாங்கள்! மற்றவங்கள் எங்கை?

கஜன்: முதல் கேமுக்கு வாற பெடியனுக்குச் செய்யிற மரியாதை அண்ணை. மற்ற எல்லாரும் சுரங்கத்துக்குள்ளே நிண்டு சிரிச்சுக்கொண்டிருப்பாங்கள்.

சிவம்: அங்கை பார், தாய் கண்ணைத் துடைக்கிறா. என்னாலை ஏலாது தம்பி, நான் இதை இருந்து பார்க்கவேணும்.

(துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ரீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு அமர்கிறார்.)

கஜன்: அண்ணை, பாதி மீசை நிக்குது. கழுத்தும் முடியேல்லை.

சிவம்: (திரும்பாமல்) சுஜன்! விளக்குமாத்தை வைச்சுப்போட்டு வா. அண்ணாவின்ர மிச்சத்தை நீ எடு.

சுஜன்: நானோ மாமா? நான் இன்னும் பலூனிலேதானே பழகுறன்.

கஜன்: எத்தினை பலூன் வழிச்சனீ?

சுஜன்: ஆறு.

கஜன்: எத்தினை உடைஞ்சது?

சுஜன்: அஞ்சு. ஆறாவது காத்து இறங்கிப் போச்சு.

(சுஜன் கத்தியை எடுக்கிறான். அது அவன் கையில் தானாகவே இடமும் வலமும் ஆடுகிறது.)

சிவம்: பயப்பிடாமல் செய்யடா. அண்ணா இப்பதானே வாய் கிழியச் சொன்னவர். முதல் நாள் பெடியனிட்டை ஒண்டும் எதிர்பார்க்க மாட்டாராம். கொஞ்சம் ரத்தம் வந்தாலும் பரவாயில்லையாம்.

கஜன்: அண்ணை! எட்டுக் கோல் அண்ணை! இந்த வருஷமே கிண்ணம்! தண்ணீர்ப் பந்தலுக்கு முழுக் காசும் நான் தாறன், நீங்கள் எழும்பி வாங்கோ!